ஆச்சி பதில்கள்: பெட்டி கட்டுகிறவர்களும் வீட்டுக்கு வருகிறவர்களும்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வேறு வரிசை கட்டி நிற்கின்றன. இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புகிறவர்கள், மீதிப் பேர் வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்று கையைப் பிசைகிறவர்கள். நகைச் சீட்டுக் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாமியார்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

கேள்வி: மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன். விமானத்தில் போவது இதுதான் முதல் தடவை. மசாலாப் பொடி, வடகம், லேகியம், பலகாரம், எண்ணெய் என்று எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். மருமகனோ "எதுவும் வேண்டாம், இங்கேயே கிடைக்கும்" என்கிறார். எதைக் கொண்டுபோவது, எதை விடுவது? – வாசகி, தேவகோட்டை

உங்கள் மருமகன் சொல்வது முக்கால் உண்மை ஆச்சி. அங்கே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரையிலிருந்து சுண்டை வற்றல் வரை கிடைக்கும். கடையில் கிடைப்பதை இங்கிருந்து சுமந்துகொண்டு போய் இறக்குவதில் ஒரு பெருமையும் இல்லை. உங்கள் கைப்பக்குவம் எதில் இருக்கிறதோ அதை மட்டும் கட்டுங்கள்: லேகியம், வீட்டில் திரித்த பொடி, இரண்டு மூன்று வகைப் பலகாரம். அவ்வளவுதான்.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய்க் கசகசா டப்பாவை எடுத்துத் தனியே வையுங்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் தடுப்புக்காரர்கள் கணக்கில் வந்துவிடும். துபாய்ப் பக்கமும் அதே கதைதான், அங்கே மகன் இருக்கிறவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகக் கசகசா எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குருமாவுக்குத் திரித்த பொடியில் கசகசா இருப்பதை மறந்துவிடுவோம், அந்தப் பொடியும் வேண்டாம். அங்கே போய் முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றிக்கொள்ளுங்கள், குழம்பு கெட்டிப்படும். ருசி குறைகிறது என்று யாராவது சொன்னால், நீங்கள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது கொப்பரை. காய்ந்த கொப்பரையில் எண்ணெய் நிறைய இருப்பதால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் சேர்க்கமாட்டார்கள், கவுண்டரில் போடும் பெட்டியிலும் சரி, கையில் எடுத்துப்போகும் பையிலும் சரி. உப்புக்கண்டம் ஒரு துண்டு கூட வேண்டாம், இறைச்சி விஷயத்தில் எந்த ஊர்ச் சுங்கமும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் வீட்டுச் செட்டியாரும் கூட வருகிறாரா? அப்படியானால் அவருடைய வெற்றிலைப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் புரியும். சில வருஷத்துக்கு முன்னால் சென்னையில் மகன் வீட்டுக்குப் போகும்போது இரண்டு பாட்டில் செக்கு நல்லெண்ணெயை மூடி இறுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை போட்டுச் சூட்கேஸின் ஓரத்தில் செருகிவிட்டேன். எழும்பூரில் இறங்கும்போதே வாசனை வந்தது. என் மூக்குத்தான் அப்படி என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்த் திறந்தால் ஒரு பாட்டில் மூடி விரிசல் விட்டு, மஞ்சள் உடம்பும் அரக்குக் கரையுமாக ஒரு கண்டாங்கிச் சேலை, மருமகளுக்கு என்று ஆசையாக எடுத்தது, பாதி நனைந்து நெளிந்து கிடந்தது. கடலை மாவு போட்டுப் பார்த்தேன், சீயக்காய் போட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் சேலையில் வட்டமாக ஒரு நிழல் இருக்கிறது. மருமகள் அதைக் கொசுவத்துக்குள் போகிறமாதிரி பார்த்துக் கட்டிக்கொள்கிறாள், பாவம்.

அதற்கப்புறம் நான் செய்வது இது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது, இரண்டு விரல் காலி விட வேண்டும். வாய்க்கு மேல் ஒரு துண்டு பாலிதீன் வைத்து அதன்மேல் மூடியைத் திருக வேண்டும், மூடியைச் சுற்றி டேப். பிறகு ஜிப் வைத்த கவர், அதற்கு வெளியே இன்னொரு ஜிப் வைத்த கவர். கடைசியாக ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் நிறுத்தி, சுற்றிலும் பழைய துண்டைத் திணித்துப் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும், ஓரத்தில் வேண்டவே வேண்டாம், இடிபடுவது ஓரம்தான். நெய், ஊறுகாய், லேகியம் எல்லாவற்றுக்கும் இதே முறை, எல்லாமே கவுண்டரில் போடும் பெட்டியில்தான் போக வேண்டும். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவம் என்றால் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, லேகியம் மாதிரிக் குழைவான சாமானையும் அவர்கள் திரவம் என்றுதான் சொல்வார்கள். மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடியையும் கைப்பையில் வைக்காதீர்கள்.

பலகாரத்தில் எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துக் கட்டுங்கள். அதிரசத்தை அடுக்கினால் அசையாது. தேன்குழல் பரவாயில்லை. மாவுருண்டை வெயிலில் நெய் கக்கி உதிர்ந்துவிடும். சீப்புச் சீடைதான் தொல்லை, உள்ளே கூடாக இருப்பதால் யாராவது பெட்டியைத் தூக்கிப் போட்டால் போய்ச் சேரும்போது சீடைப் பொடிதான் இருக்கும். அதைத் தகர டப்பாவிலோ சம்படத்திலோதான் போட வேண்டும், சந்து விழுகிற இடத்தில் எல்லாம் டிஷ்யூ பேப்பரைக் கசக்கித் திணித்து, மூடி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் திறந்து இன்னும் கொஞ்சம் திணியுங்கள். சுட்ட சூட்டோடு மூடிவிட்டால் வேர்த்து நமுத்துப் போகும், ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் கட்டுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை கிலோ என்பது உங்கள் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக் கட்டுங்கள். ஆனால் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் அதிகப் பணம் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். ஆகவே ஒரு பூதத்தைக் கட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். பவர் பேங்க் கைப்பையில், பெட்டியில் போடக் கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரை டாக்டர் சீட்டோடு கைப்பையில். இன்சுலின் போடுகிறவர் என்றால் கட்டாயம் கைப்பையில்தான், விமானத்தின் அடியில் உறைந்து கெட்டுப்போகலாம். தூக்க மாத்திரையும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிங்கப்பூருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுபோகக் கூடாது. போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள். இதை மருமகனிடம் விட்டுவிடலாம், ஏதாவது வேலை கொடுத்தால் அவருக்கும் சமாதானமாக இருக்கும்.

கைப்பையில் ஒரு மாற்றுச் சேலையும், டேங்க் ரோடு கோயிலுக்குக் கட்டிக்கொள்ள நல்லதாக ஒன்றும் வையுங்கள். 1859-இல் நம் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில், பேரப்பிள்ளை பிறந்த கையோடு எப்படியும் போகத்தான் போகிறீர்கள்.

கேள்வி: சேலையை மடித்து வைப்பதா, சுருட்டி வைப்பதா? – வாசகி, புதுவயல்

நூல் சேலையைச் சுருட்டுங்கள், இடமும் மிச்சம், கசங்கலும் குறைவு. பட்டுச் சேலையை மடித்து, ஜரிகை உள்பக்கம் வருகிறமாதிரித் திருப்பி, பழைய வேட்டித் துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே. எப்படி வைத்தாலும் போகும்போது பெட்டியில் கால்வாசி காலியாக இருக்கட்டும். திரும்பும்போது அது நிரம்பிவிடும், நம் ஜாதகம் அப்படி.

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரன். கூட வேலை பார்க்கும் நண்பனுக்குக் கானாடுகாத்தானில், வீட்டிலேயே கல்யாணம். இரண்டு ராத்திரி தங்க வேண்டும். பெரிய டிராலி எடுத்துப் போகலாமா? – வாசகர், சென்னை

தம்பி, டிராலி வேண்டாம். அந்த வீடுகளில் தெருவிலிருந்து ஏறினால் படி, திண்ணை தாண்டினால் நிலைப்படி, முகப்பு தாண்டினால் இன்னொரு நிலைப்படி, வளவுக்குள், அதாவது முற்றமும் சுற்றி அறைகளும் இருக்கும் உள்கட்டுக்குள் போக, மறுபடி ஒன்று. சக்கரம் அங்கே வேலைக்காகாது, போதாக்குறைக்கு ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனால் வீட்டுப் பெரியவர்கள் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கண்ணால் சொல்வார்கள். தோளில் மாட்டும் ஒரே பை போதும்.

எங்கள் அப்பச்சி தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடை, காவடி செலுத்திவிட்டுத் திரும்பவும் நடை. அத்தனை நாளுக்கும் அவருக்கு ஒரு மஞ்சள் பைதான்: இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை, விபூதிச் சம்படம். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மற்றதைக் கட்டிக்கொள்வார். உங்களுக்கு இரண்டு ராத்திரி.

ஆகவே ஒரு வேட்டி, சட்டை, முகூர்த்தத்துக்கு. ஒட்டிக்கோ வேட்டியாக இருந்தால் தப்பில்லை, அவிழ்ந்துவிடுமோ என்று பந்தியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிடுவதற்கு அது எவ்வளவோ மேல். மாற்று உடை இரண்டு, கைலி ஒன்று, சட்டென்று காய்கிற ஈரிழைத் துண்டு ஒன்று. தடித்த டர்க்கி டவல் கொண்டுவந்தால் ஈரத்தோடுதான் திரும்பக் கொண்டுபோவீர்கள். கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, சின்னப் பூட்டு, மூன்று பேர் சேர்ந்து செருகுகிற மாதிரி ஒரு பிளக், ஏனென்றால் பழைய வீட்டில் ஓர் அறைக்கு ஒரு பிளக் இருந்தாலே பெரிய விஷயம், அதுவும் மின்விசிறிக்குப் போயிருக்கும். கயிறு கட்டும் ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள், ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்ற வேண்டியிருக்கும். பழைய செருப்பு உத்தமம், கல்யாண வீட்டு வாசலில் விட்ட புதுச் செருப்பு யார் காலோடு போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்பதில்லை. உங்கள் வண்டி நிற்குமா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள், இல்லையென்றால் காரைக்குடியில் இறங்கி பஸ் பிடியுங்கள்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பாட்டையா காலத்து வீடு. வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டித்தான் கிடக்கும். அடுத்த மாதம் மாமனாருக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) அங்கேதான் வைக்கிறோம். வெளியூரிலிருந்து பதினாலு பேர் மூன்று நாள் தங்குவார்கள். குளியலறை இரண்டுதான். லாட்ஜில் போட்டுவிடலாமா என்று கணவர் கேட்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகி, கோயம்புத்தூர்

வீட்டிலேயே வையுங்கள். அத்தனை பெரிய வளவைக் கட்டியதே இந்த மாதிரி நாளுக்குத்தான். ஆனால் முந்தின நாள் வந்து திறந்து சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குறைந்தது ஐந்து நாள் முன்னால் நீங்களோ உங்கள் கணவரோ வந்துவிட வேண்டும். பங்காளிகள் பங்கு உள்ள வீடு என்றால் அதற்கும் முன்னால் எல்லாப் புள்ளிக்கும் (பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும்) போன் பண்ணி, எந்தெந்த அறையைத் திறக்கலாம், யாரிடம் சாவி என்று பேசிவிடுங்கள். சாவிக்காரர் மலேசியாவில் இருப்பது முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி தெரியவந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

திறந்ததும் பெருக்க ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் தண்ணீர். மாடித் தொட்டியில் மாதக்கணக்காக நின்ற தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆள் விட்டு உள்ளே தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றி, எல்லாக் குழாயையும் துருநிறம் போகும்வரை ஓடவிடுங்கள். கழிப்பறைகளில் வாளி வாளியாக ஊற்றிப் பாருங்கள், அடைப்பு இருந்தால் இப்போதே தெரியட்டும். குளியல், துணி அலசல், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் பதினாலு பேருக்கு 1,400 லிட்டர். உங்கள் தொட்டி 1,000 லிட்டர்தான் என்றால் மத்தியானம் ஒரு தடவை மோட்டார் போட வேண்டும். அதை யார் போடுவது என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் இன்னொருவர் போட்டிருப்பார் என்று நினைத்துச் சோப்போடு நிற்பார்கள்.

அப்புறம் மின்சாரம். அந்தக் காலத்து ஒயரிங்கில் இரண்டு கீசர், ஒரு மோட்டார், மிக்ஸி நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் பியூஸ் போகும். எலக்ட்ரீஷியனை முதல் நாளே வரவழைத்து எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வெந்நீருக்குக் கீசரை நம்பாமல் பின்கட்டில் விறகடுப்பில் ஓர் அண்டா வையுங்கள், அது பியூஸ் போகாது.

பிறகுதான் ஒட்டடை, வவ்வால் எச்சம் எல்லாம். இங்கே கவனம். வேலைக்கு வருகிறவர்கள் கறை போக வேண்டும் என்று கையில் ஆசிட் பாட்டிலோடு வருவார்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை, கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த கல். ஆசிட் பட்டால் பூ வேலையைத் தின்றுவிடும், அந்த இடம் வெள்ளை பூத்து நின்றுவிடும், பிறகு எந்தப் பாலீஷும் அதை மீட்காது. வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் ஒரு துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாலே முகம் தெரியும். ஆனால் எண்ணெய் கூடினால் வழுக்கும், வருகிறவர்களில் எழுபது வயதுக்காரர்கள் இருப்பார்கள். முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் புது ஆணி, டேப் இரண்டும் வேண்டாம், பந்தலுக்கு வருகிற அலங்காரக்காரரிடம் இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சுருட்டி வைத்த பாய், மெத்தையை நேரே உள்ளே விரிக்காதீர்கள். தேளும் பூரானும் உங்களுக்கு முன்னாலேயே அதில் குடிவந்திருக்கும். வெயிலில் போட்டு, தடியால் அடித்து, ஒரு பகல் காயவைத்து எடுங்கள். படுக்க எல்லோருக்கும் கட்டில் வேண்டும் என்று தவிக்க வேண்டாம். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே படுப்பதைவிட வளவுப் பத்தியில், அந்த முற்றத்து ஓரத் தாழ்வாரத்தில், பாயை விரித்துப் படுப்பது எவ்வளவோ சுகம். முழங்கால் மடங்காதவர்களுக்கு மட்டும் கட்டில்.

குளியலறைக் கணக்கைப் பார்ப்போம். ஆளுக்குக் கால் மணி நேரம், பதினாலு பேர், இரண்டு அறை: எல்லோரும் குளித்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் நாலரைக்கு முதல் ஆள் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் சேலை கட்டத் தனி நேரம். ஆண்கள், பையன்களைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டால் பாதிப் பாரம் குறையும். லாட்ஜில் குளித்துப் பழகியவர்கள் ஒரு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள், பாருங்களேன்.

வந்தவர் அறைக்குள் என்ன வேண்டும்? பூச்சாடி, வரவேற்பு அட்டை எல்லாம் யாருக்கும் வேண்டாம். ஈரத் துண்டைப் போட ஒரு கொடிக் கயிறு, பெட்டியைத் தரையில் வைக்காமல் வைக்க ஒரு பெஞ்சு, அலமாரியில் ஒரு தட்டுக் காலியாக, குடிக்கச் செம்பு நிறையத் தண்ணீர் டம்ளரோடு, ஒரு குப்பைக்கூடை. நம் வீடுகளில் அலமாரி முழுக்க மங்குச் சாமானும் (பீங்கான்), யாரும் திறக்காத பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும், வந்தவர் மூன்று நாளும் சூட்கேஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். அந்த ஒரு தட்டைக் காலி பண்ணிக் கொடுங்கள், அது பெரிய மரியாதை.

ராத்திரிக்கு நிலைப்படி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு. நமக்குக் கால் தானாகத் தூக்கும், புதிதாக வந்தவர்களுக்குத் தூக்காது. எங்கள் சம்பந்தி ஒருத்தர் பாத்ரூம் போக எழுந்து இருட்டில் தடுக்கி விழுந்து, மறுநாள் முழுக்க நெற்றியில் புடைப்போடு போட்டோவுக்கு நின்றார். ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள், இட்லியும் எண்ணெயில் குழைத்த பொடியும், தணலில் வாட்டிய வாழை இலையில் கட்டித் தருகிறோம் என்று. வாட்டாத இலையில் கட்டினால் மடிப்பில் கிழிந்து பொடி எண்ணெய் பையெல்லாம் ஓடும், மறுபடி என் கண்டாங்கிக் கதைதான்.

கேள்வி: மகனோடு வேலை பார்க்கும் புனேக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று இப்போதே பயப்படுகிறார்களாம். என்ன வைப்பது? – வாசகி, காரைக்குடி

ஊர் ஊராகப் பெயர்ப்பலகை மாட்டி, சிவப்பாக ஒரு கிரேவியை ஊற்றி நம் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள். நம் வீட்டில் தினம் அப்படியா சாப்பிடுகிறோம்? காலையில் இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் வையுங்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. மத்தியானம் பருப்பும் நெய்யும், அரிசி கழுவிய தண்ணீரில் செய்த மண்டி ஒன்று, மிளகு போட்ட கோழி ஒன்று, பச்சடி. இனிப்புக்குக் கவுனி அரிசி. பர்மாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த அரிசி என்று ஒரு கதையும் சேர்த்துப் பரிமாறலாம். ஆனால் முந்தின ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும், காலையில் ஞாபகம் வந்தால் அன்றைக்குக் கவுனி கிடையாது.

சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் சுடுங்கள். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதே டம்ளர் அரிசிமேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, கொஞ்சம் பால். புளிக்கவைக்க வேண்டியதில்லை, உடனே சுடலாம். எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் தானே மேலே எழும்பி ஓரம் பூப்போல விரியும். விரியாமல் உருண்டையாக நின்றால் மாவு கெட்டி, தண்ணீரோ பாலோ இரண்டு ஸ்பூன் விடுங்கள். எண்ணெய் குடித்தால் மாவு தளர்ந்துவிட்டது, ஒரு கரண்டி அரிசி மாவு போடுங்கள். சிவக்கவிடக் கூடாது, வெள்ளையாகவே எடுத்துவிட வேண்டும், ஒன்று ஒன்றாகத்தான் சுட முடியும். அதனால் நாலு பேரையும் அடுப்படி வாசலிலேயே தடுக்குப் போட்டு உட்காரவைத்துவிடுங்கள். வரமிளகாய்த் துவையலைத் தனிக் கிண்ணத்தில் தள்ளி வைத்து, தேங்காய்ச் சட்னியைப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது பணியாரத்தில் அவர்களே துவையலை இழுப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இலையில் கொட்டாதீர்கள். ஒரு தடவை கேளுங்கள், இரண்டாவது தடவை கேளுங்கள், கையை வைத்து மறைத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வருகிறவர்களிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? – வாசகர், கண்டனூர்

வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் "திரும்ப டிக்கெட் எந்த ரயிலில் போட்டிருக்கு அண்ணன், ஸ்டேஷனுக்கு வண்டி சொல்லணும்" என்று கேட்டுவிடுங்கள். முதல் நாள் கேட்டால் அது அக்கறை. நாலாம் நாள் கேட்டால் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம்.

கேள்வி: யார் வீட்டுக்காவது தங்கப் போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது? இனிப்பு வாங்கினால் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை. – வாசகி, குன்றக்குடி

பழம், பூ போதும். இல்லாவிட்டால் போன் பண்ணி "உங்க பக்கம் கிடைக்காதது ஏதாவது வேணுமா" என்று கேட்டு அதையே வாங்கிப் போங்கள். பனை ஓலைக் கொட்டான் ஒன்றில் வைத்துக் கொடுத்தால் பழம் தீர்ந்த பிறகும் கொட்டான் புழங்கும். கிளம்புகிற அன்றைக்குப் படுத்த விரிப்பை உருவி, மடித்து, அழுக்குக்கு எங்கே போடுவது என்று கேளுங்கள். வீட்டுக்காரி "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பாள், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: விருந்தாளிகள் கிளம்பிய பிறகு பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுவிட்டுப் போகிறார்கள். அனுப்பிவைப்பதா, வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதா? – வாசகி, திருப்பத்தூர்

அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்னால் நீங்களே ஒரு சுற்று வாருங்கள்: பிளக், குளியலறைக் கொக்கி, தலையணைக்கு அடி, மாடத்து மேல். விட்டுப்போவதில் முக்கால்வாசி இந்த நாலு இடத்தில்தான் இருக்கும். அப்படியும் தப்பிப்போனதை நான் ஒரு கொட்டானில் போட்டு, யாருடையது, என்றைக்கு என்று சின்னச் சீட்டு எழுதிச் செருகி முகப்பு அலமாரியில் வைத்துவிடுவேன். மருந்து, கண்ணாடி, சாவி என்றால் அன்றைக்கே கூரியர், மற்றது அந்தப் பக்கம் யாராவது போகும்போது. இப்போதைக்கு என் கொட்டானில் மூன்று சார்ஜர், ஒரு ஒற்றைக் கொலுசு, ஒரு பல் செட் இருக்கிறது. கொலுசுக்காரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். பல் செட்டுக்காரரிடமிருந்து இதுவரை ஒரு வார்த்தையும் இல்லை.